நிறைந்து நின்ற முள்

குஞ்சியப்பாவின் மொறிஸ் மைனரில் பெற்றோல் அளவு காட்டும் முள், 1990 தொடக்கம் 2003 வரை ‘எஃப்’ என்ற எழுத்திலேயே நின்றது. எஃப் என்றால் நிறைவு. அதில் முதல் ஐந்தாறு வருடங்களில் தாங்கிக்குள் ஒரு போத்தல் பெற்றோல் முழுசாகக் கிடந்த நாட்களைக் கைவிரல்களால் எண்ணி முடித்துவிடலாம். சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழும்பும், எஃப்பைத் தொடும், அங்கேயே நிற்கும். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற சனம் கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்துச் சிரித்ததுண்டு. “அண்ணையின்ர காரில மட்டும் எப்பவும் ஃபுல்.”

ஈ என்ற எழுத்து மற்றப் பக்கத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் அது வெறுமை. தமிழில் ‘ஈ’ என்றால் கொடு. வெறும் தாங்கி ‘ஈ’ என்று கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறதென்று பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த ஒருவர், பின்சீற்றில் இருந்தபடி, ஒருமுறை சொன்னார். எங்கள் கார் அப்படிக் கேட்கவே இல்லை.

மைனரின் முகப்புப் பலகையில் பார்ப்பதற்கு இருப்பது ஒன்றே ஒன்றுதான். நடுவில் ஒரு பெரிய வட்டம். அது ஸ்பீடோமீற்றர். அதன் அடிவயிற்றில் பிறை அளவு இடத்தில் பெற்றோல் முள். கூடவே சில பொட்டு விளக்குகள். எஞ்சின் சூட்டைக் காட்ட ஒன்றும் கிடையாது. எண்ணெய் அழுத்தத்துக்கு எண் கிடையாது, விளக்கு மட்டுந்தான். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் வந்தது. வட்டம் நடுவுக்கு வந்தது 1954இல். நடுவில் வைத்தால் வலப்பக்கம் இருந்து ஓட்டும் நாட்டுக்கும் இடப்பக்கம் இருந்து ஓட்டும் நாட்டுக்கும் ஒரே பலகை போதும், தொழிற்சாலைக்கு அது வசதி. எங்களுக்குக் கிடைத்த வசதி வேறு. ஓட்டுகிறவரின் தோளுக்குப் பின்னால் ஒளியாமல் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது அந்த வட்டம். பின்சீற்றின் நடுவில் இருக்கும் பிள்ளைக்குத்தான் அது நேரே தெரியும். அந்தப் பிள்ளை அநேகமாக நான்.

குஞ்சியப்பா மானிப்பாய்ச் சந்தியில் ஹயர் ஓடியவர். மற்றவர்களிடம் ‘ஏ போட்டி’ என்று யாழ்ப்பாணம் முழுக்கப் பெயர்பெற்ற ஒஸ்ரின் கார்கள். இவரிடம் 1958ஆம் ஆண்டு மைனர், மூன்றாம் கையோ நாலாம் கையோ. ஆறரைக் கலன் கொள்ளும் தாங்கி. ஹயர் ஓடுகிறவன் தாங்கியை நிரப்பி வைத்திருப்பதில்லை. இன்றைய ஓட்டத்துக்கு இன்று அடிப்பான். இரண்டு கலன், மிஞ்சினால் மூன்று. இந்தச் சின்னப் பழக்கம் பின்னால் ஒரு சின்னக் கம்பியில் எழுதிக் கிடந்ததை நான் பார்க்கப் போகிறேன், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

1990இல் போர் மூண்டு யாழ்ப்பாணத்துக்கான பாதை மூடியது. மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைப் பட்டியலில் ஏறின. அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்து எஞ்சின்கள் மண்ணெண்ணெய்க்குப் பழகிய கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். சில துளி பெற்றோலைக் காபுறேற்றருக்குள் விட்டு உசுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மோட்டார் சைக்கிளுக்கு ஊசிக்குழாயும் சேலைன் ரியூப்பும். மைனருக்குக் குஞ்சியப்பா பொனற்றுக்குள் ஒரு தகரம் கட்டினார். தகரத்திலிருந்து ரியூப் வழியாக மண்ணெண்ணெய் தானாக இறங்கும். அதனால் பின்னால் இருந்த தாங்கி வேலையற்றுப் போனது. தாங்கியிலிருந்து பெற்றோலை இழுக்கும் எஸ்.யூ. பம்பின் வயரையும் கழற்றிவிட்டார்.

அந்தப் பம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அளவு காட்டும் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை, எனக்கோ மைனரின் உண்மையான பெற்றோல் மீற்றர் அதுதான் என்று ஒரு எண்ணம். சாவியைத் திருப்பினால் அது டிக், டிக், டிக் என்று அடிக்கும். காபுறேற்றர்க் கிண்ணம் நிரம்பியதும் அடி நின்றுவிடும். ஓடும்போது இடைக்கிடை ஒரு டிக். தாங்கி வற்றினால், இழுக்க ஒன்றும் இல்லாமல், காய்ச்சல்காரனின் நாடிபோல் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். முள் எதைக் காட்டினாலும் இந்தச் சத்தம் பொய் சொன்னதில்லை. ஏனென்றால் பம்பு பெற்றோலைத் தொடுகிறது. முள் தொடுவதில்லை. முள்ளுக்கும் பெற்றோலுக்கும் இடையில் ஒரு மிதவை, ஒரு தண்டு, ஒரு தடைக் கம்பி, பத்தடி வயர், இரண்டு சுருள் இருக்கின்றன. முள் கேள்விப்பட்டதைச் சொல்கிறது.

1995 ஐப்பசியின் கடைசியில், போரால் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து நடந்த இரவில் எங்கள் காரும் போனது. ஓடிப் போகவில்லை, தள்ளப்பட்டுப் போனது. நாவற்குழிப் பக்கம் சனமும் சைக்கிளும் மாட்டுவண்டியும் அடர்ந்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்த இடத்தில் எஞ்சினைப் போட்டு வைப்பதும் வீண்தான். அப்பாச்சி முன்சீற்றில். மடியில் றங்குப்பெட்டி. மழை. கண்ணாடி துடைக்கும் கை வேலை செய்யச் சாவி திருப்பியிருக்க வேண்டும். சாவி திருப்பியிருந்ததால் முள்ளும் விழித்திருந்தது. தள்ளிக்கொண்டு வந்த எனக்குப் பின்கண்ணாடிக்குள்ளால், இரண்டு சீற்றுக்கும் நடுவில், சின்ன விளக்கொளியில் அது தெரிந்தது. எஃப். சாவகச்சேரி வரைக்கும் எஃப்.

பிறகு நான் நாட்டை விட்டுப் போனேன். குஞ்சியப்பா ஊருக்குத் திரும்பினார், காரும் திரும்பியது, எப்படியென்று அவர் விளக்கமாகச் சொன்னதில்லை. 2002இல் பாதை திறந்தது. அடுத்த ஆடியில் நான் ஏ-ஒன்பது வீதி வழியாக வந்து இறங்கினேன். பெட்டிக்குள் ஒரு மல்ரிமீற்றர், சாலிடர்க் கோல், மைனருக்கென்று வாங்கிய ஒரு வோல்ற்றேஜ் ஸ்ரெபிலைசர். இலத்திரனியல் படித்த பெறாமகன் என்ற தைரியம்.

அந்த ஸ்ரெபிலைசர்தான் என் முதல் அவமானம். அறுபதுகளின் நடுவிலிருந்து வந்த பிரிட்டிஷ் கார்களில் பெற்றோல் முள்ளை அசைப்பது சூடு. இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடு, அதைச் சுற்றி மெல்லிய கம்பி. மின் ஓடினால் கம்பி சூடேறும், தகடு வளையும், வளைவு முள்ளைத் தள்ளும். அதனால் அந்த முள் சோம்பல் முள். சாவியைத் திருப்பி அரை நிமிடம் கழித்துத்தான் தன் இடத்துக்கு ஏறி வரும். வளைவில் பெற்றோல் தளும்பினாலும் அது அசையாது. ஆனால் சூடு வோல்ற்றைப் பொறுத்தது. டைனமோ வேகமாகச் சுற்றினால் வோல்ற் ஏறும், பெற்றோல் கூடியதாக முள் சொல்லும். அதைத் தடுக்கத்தான் ஸ்ரெபிலைசர். அதுவும் ஒரு ஈருலோகத் தகடுதான்: சூடேறி வளைந்து தொடர்பை அறுக்கும், ஆறிவந்து ஒட்டும், மறுபடி அறுக்கும். சராசரி பத்து வோல்ற். விட்டுவிட்டுத் துடிக்கும் இந்த மின்னை, சோம்பல் முள் துடிப்பாக உணர்வதே இல்லை. அருமையான ஏற்பாடு. அந்தப் பெட்டி பழுதானால், அல்லது அதன் உடம்பு வண்டியின் உடம்போடு சரியாக ஒட்டாவிட்டால், கட்டுப்பாடு போய் முள் எப்போதும் கூடுதலாகக் காட்டும். எப்போதும் எஃப் என்றால் ஸ்ரெபிலைசர் என்று நான் முடிவு கட்டியது அப்படித்தான்.

“உது என்னத்துக்கு மோனை?” குஞ்சியப்பா பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

சொன்னேன்.

“உது பிந்தி வந்த மைனருக்கு. இது அம்பத்தெட்டு. இந்த முள்ளு சாவி திருப்பினவுடன துள்ளுறதை நீ காணேல்லையோ?”

கண்டிருக்கிறேன். சின்ன வயதிலிருந்து பின்சீற்றில் இருந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். துள்ளுகிற முள் சூட்டு முள்ளாக இருக்க முடியாது. நான் படித்ததை நான் பார்த்ததோடு ஒட்டிப் பார்க்கவில்லை. மேசையில் மல்ரிமீற்றரை வைத்து மானத்தைக் காக்க முயன்றேன். கறுப்பு வயரை வண்டியின் உடம்பில் வைத்து, சிவப்பைப் பற்றரிக் கம்பத்தில் வைத்தால், திரையில் பன்னிரண்டுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. குஞ்சியப்பா சிரித்தே விட்டார். “இந்தக் காருக்கு மண்தான் பாசிட்டிவ்.” பழைய பிரிட்டிஷ் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் என்று எல்லாரும் சொல்வதை அவர் மண் என்று சொல்வார். இந்த இடத்தில் மண்ணைப் பற்றி உருவகமாக ஏதாவது எழுதக் கை துறுதுறுக்கிறது. எங்கள் எழுத்தில் மண் போதுமான அளவு பாரம் சுமந்துவிட்டது, காரின் மண்ணையாவது காரின் மண்ணாக விட்டுவிடுகிறேன்.

துள்ளும் முள்ளின் உட்புறம் எளிமையானது. இரண்டு சுருள், நடுவில் அசையக்கூடிய ஒரு இரும்புத் துண்டு, அதில் முள். ஒரு சுருள் முள்ளை ஈ பக்கம் இழுக்கும், மற்றது எஃப் பக்கம். இழுபறியில் எது வெல்கிறதோ அந்தப் பக்கம் முள் சாயும். பற்றரி தளர்ந்தால் இரண்டு சுருளும் சேர்ந்தே தளரும். இழுபறியின் விகிதம் மாறாது. அதனால் இதற்கு ஸ்ரெபிலைசர் தேவையில்லை. மின்சாரம் முதல் சுருளைக் கடந்து ஒரு சந்திக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று இரண்டாவது சுருளுக்குள்ளால். மற்றது பின்னால் போகும் வயர் வழியே தாங்கி யூனிற்றுக்கு, அங்கிருந்து உடம்புக்கு. தாங்கி வெறுமையாக இருந்தால் பின்வழி தடையில்லாமல் திறந்து கிடக்கும். மின்சாரம் அங்காலே ஓடிவிடும், இரண்டாவது சுருளுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஈ. மிதவை உயர உயரப் பின்வழியில் தடை கூடும். வேறு வழியில்லாமல் மின்சாரம் இரண்டாவது சுருளுக்குள் நுழையும். எஃப்.

இப்போது பின்வழி எங்காவது அறுந்துவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். வயர் அறுந்திருக்கலாம், துருப்பிடித்துத் தொடர்பு விட்டிருக்கலாம். மீற்றருக்கு அது தெரியாது. தடை மிகக் கூடிவிட்டது என்று மட்டும் தெரியும். தடை கூடினால் அதன் மொழியில் நிறைவு. அதாவது பாதை மூடினால் இந்த மீற்றர் எல்லாம் நிறைய இருக்கிறது என்று காட்டும். இதை எழுதும்போது நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் மோட்டார்க் கொர்ப்பரேஷனின் பட்டறைக் கையேட்டில் பிழைதேடும் பகுதியில் இருப்பதும் இதுதான்: எப்போதும் நிறைவு காட்டினால் தாங்கிக்குப் போகும் வயரைப் பார், தாங்கி யூனிற்றின் எர்த்தைப் பார்.

பிந்தி வந்த சூட்டு முள்ளில் இது நேர்மாறு. அங்கே வழி அறுந்தால் மின் ஓடாது, மின் ஓடாவிட்டால் சூடில்லை, சூடில்லாவிட்டால் முள் ஈயில் படுத்துவிடும். ஒரே காரின் இரண்டு தலைமுறை. முன்னது கெட்டால் இருக்கிறது என்று பொய் சொல்லும். பின்னது கெட்டால் இல்லை என்று பொய் சொல்லும். எந்தப் பக்கம் பொய் சொல்வது என்று யாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தீர்மானித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. சுருளுக்கு ஒரு இயல்பு, சூட்டுக்கு ஒரு இயல்பு, பொய் அவற்றின் போக்கில் விழுந்திருக்கிறது. ஆனாலும் ஒரு கருவியை எடைபோடும்போது அது எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதைவிட, கெட்டுப்போனால் எந்தப் பக்கம் சாயும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று அன்றிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. மனிதர்களிலும் நான் இப்போது இதைக் கவனிக்கிறேன், அது வேறு கட்டுரை.

டிக்கிப் பலகையைத் தூக்கினோம். தாங்கியின் மேல்முகம் துருவும் தூசியுமாகக் கிடந்தது. நடுவில் ஆறு திருகாணிகளோடு வட்டமான தாங்கி யூனிற், அதன் தலையில் ஒற்றை வயர். குஞ்சியப்பா வயரைக் கழற்றி என்னிடம் தந்தார்.

“உடம்பில தொடு. நான் முன்னுக்குப் போய்ப் பாக்கிறன்.”

தொட்டேன்.

“விழுந்திட்டுது! ஈயிலை நிக்குது.”

எடுத்தேன்.

“எழும்பிட்டுது.”

பதின்மூன்று வருடத்தில் முதல்முறையாக முள் இறங்கியிருக்கிறது. இந்தச் சோதனைக்கு மல்ரிமீற்றரும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். வயரை உடம்பில் தொட்டால் ஈ, காற்றில் விட்டால் எஃப் என்று முள் ஒழுங்காகப் போய்வந்தால், முன்னால் இருக்கும் வட்டம் நிரபராதி. பத்தடி வயரும் நிரபராதி. குற்றம் தாங்கி யூனிற்றில், அல்லது அது தன் மின்னைத் திருப்பிக் கொடுக்கும் உடம்பில். ஆனால் எல்லாரும் முதலில் கழற்றுவது முன்னால் இருக்கும் வட்டத்தைத்தான். பொய் அங்கே தெரிகிறது என்பதால் பொய் அங்கே பிறந்ததென்று நினைக்கிறோம். நல்ல வட்டங்கள் எத்தனை இப்படிக் கழற்றப்பட்டு, முள் வளைந்து, கண்ணாடி உடைந்து, கடைசியில் உண்மையாகவே பழுதாகியிருக்கும்!

வயரை மறுபடி யூனிற்றில் பூட்டிவிட்டு, தனியாக ஒரு நீள வயரை எடுத்து, ஒரு முனையை யூனிற்றின் விளிம்பில் சுரண்டி வைத்து, மறுமுனையைப் பற்றரியின் நேர்முனையில் பிடித்தோம். முள் எஃப்பிலிருந்து சரிந்து ஈயை ஒட்டி வந்து நின்றது. தாங்கிக்குள் அன்றைக்குக் கிடந்தது முக்கால் கலன் என்று குஞ்சியப்பாவின் கம்பு முன்பே சொல்லியிருந்தது. பூவரசங்கம்பு, கத்தியால் வெட்டிய ஆறு வரை. பெற்றோல் காரில் ஒரு ஆயுளையே அவர் அந்தக் கம்பால் ஓட்டியிருக்கிறார். ஆக, பிழை இதுதான்: தாங்கிக்கும் காரின் உடம்புக்கும் இடையில் வளர்ந்த துரு. வேறொன்றுமில்லை. உப்புக் காற்றும் மாரியும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருக்கை அங்கே வளர்த்திருந்தன. உப்புத்தாளால் பளிச்சென்று வரும்வரை தேய்த்து, கிறீஸ் பூசி, ஒரு தனி எர்த் வயரும் போட்டால் அலுவல் முடிந்தது. அரை மணித்தியாலம்.

ஆனால் திறந்தபின் உள்ளே பார்க்காமல் மூட அவருக்கும் மனமில்லை, எனக்கும் மனமில்லை. ஆறு திருகாணியையும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, யூனிற்றை மெல்லச் சரித்து எடுத்தோம். மிதவை பித்தளை. இதைவிடப் பழையவை தக்கை. அரக்குப் பூச்சு உரிந்ததும் பெற்றோலைக் குடித்துப் பாரமாகிவிடும். பித்தளைக்கு வேறு வியாதி, ஊசித் துவாரம். குலுக்கிப் பார்த்தார், உள்ளே சலசலப்பு இல்லை. கொதிநீரில் அமுக்கினார், சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போகும் இடம் பார்ப்பதுபோல. குமிழி வரவில்லை. குமிழி வந்திருந்தால் வெந்நீரிலேயே வைத்து உள்ளே போன பெற்றோலை முழுக்க ஆவியாக்கிய பிறகுதான் சாலிடர்க் கோலைக் கிட்டக் கொண்டுவர வேண்டும்; அவசரப்பட்டால் மிதவை வெடிகுண்டு.

பிறகு மூடியைத் திறந்து தடைக் கம்பியைப் பார்த்தேன். மெல்லிய கம்பியை ஒரு தகட்டில் நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். மிதவைத் தண்டோடு சேர்ந்த ஒரு விரல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்வரும். விரல் அதிகம் உலவும் இடத்தில் கம்பி தேயும். எங்கள் யூனிற்றில் ஈ பக்கத்து மூன்றிலொரு பங்கு தேய்ந்து, பளபளத்து, இரண்டு மூன்று சுற்று ஏறக்குறைய அறுகிற நிலையில் இருந்தது. மேல் பாதி அப்படியே புதுசு. தொழிற்சாலையில் சுற்றிய நாளின் மினுக்கம். விரல் அங்கே போனதே இல்லை. நாற்பத்தைந்து வருடத்தில் இந்தத் தாங்கியை யாரும் வழமையாக நிரப்பவில்லை என்று அந்தக் கம்பி சொன்னது. மூன்றாவது கையோ நாலாவது கையோ, எல்லாக் கையும் இரண்டு கலன் கைதான்.

அன்று பின்னேரம் முழு வட்டத்தையும் கழற்றினோம். பெற்றோல் முள்ளுக்காக அல்ல. ஸ்பீடோமீற்றர் முள் முப்பது மைலுக்கு மேல் கிறுகிறுவென்று ஆடிக்கொண்டிருந்தது, அதையும் பார்த்துவிடுவோம் என்று. கியர்ப்பெட்டியிலிருந்து வரும் முறுக்குக் கேபிள் காய்ந்துபோனால், அல்லது எங்காவது மடங்கியிருந்தால், கேபிள் சீராகச் சுற்றாது, முறுகி நின்று, விடுபட்டுப் பாயும், முள் ஆடும். எங்கள் கேபிளில் இரண்டும் இல்லை, எண்ணெய்தான் கூடிப்போயிருந்தது. யாரோ ஒரு நல்ல மனிதர் கேபிளின் மேல்நுனி வரைக்கும் கிறீஸ் பூசியிருந்தார். அது சுழன்று சுழன்று மேலேறி மீற்றருக்குள் புகுந்துவிட்டது. மேல்நுனியில் சில அங்குலத்துக்கு எப்போதும் வரட்டுக் கேபிளாகவே விட வேண்டும். இல்லாவிட்டால் மீற்றருக்கு நாம் செய்யும் பணிவிடையே அதற்கு நஞ்சு.

உள்ளே இருப்பதைக் கண்டு நான் வாயடைத்துப் போனேன். படித்ததுதான், இருந்தாலும். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைக் கவிழ்த்து மூடியதுபோல ஒரு அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, கிண்ணத்தையும் கூட இழுக்கிறது. மயிர்போன்ற ஒரு சுருள்வில் அதைப் பிடித்து வைக்கிறது. இழுப்புக்கும் பிடிப்புக்கும் இடையில் முள் நிற்கும் இடம்தான் வேகம். ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற யோசனை. இதைச் செய்த ஸ்மித்ஸ் நிறுவனம் 1851இல் இலண்டனில் மணிக்கூட்டுக் கடையாகத் தொடங்கியது. காரின் வட்டங்கள் மணிக்கூட்டின் சாயலில் இருப்பதற்கு அந்தப் பூர்வீகமும் ஒரு காரணம். பஞ்சில் வெள்ளைப் பெற்றோல் தோய்த்து, ஊசிமுனையால் சுற்றி, கிறீஸை எடுத்தேன். கிண்ணத்தைத் தொடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

முகத்தை மட்டும் துடைக்கவில்லை. எழுத்துகள் மங்கிப்போயிருந்தன, கண்ணாடி வளையத்துக்குள் துரு. நான் வாழும் நாட்டில் இப்படி ஒரு வட்டம் கிடைத்தால் புதிதாய் அச்சிட்டு ஒட்டி, வளையத்துக்குக் குரோம் பூசி, காரையும் மெழுகிக் கண்காட்சியில் வைப்பார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. வேலை செய்ய வேண்டியது உள்ளே. முகம் தன் வயதோடு இருக்கட்டும். இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவு வருகிறது: தொண்ணூறுகளில், எங்களுக்கு ஒரு பற்றரியும் வராமல் பாதை அடைத்துக் கிடந்த அதே காலத்தில், இதே தீவின் தெற்கில் மைனருக்கான உதிரிப்பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். குஞ்சியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “நல்லாச் செய்வாங்களோ?” என்றுதான் கேட்டார்.

ஸ்பீடோமீற்றரின் முகத்தில் அடியில் ஒரு சின்ன எண் அச்சிட்டிருக்கும். காரின் எண்ணல்ல, கேபிள் ஒரு மைலுக்கு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கு. மூன்று கை, நாலு கை மாறிய காரில் மீற்றர் வேறு காரினதாக இருக்கலாம், பின்அச்சு வேறாக இருக்கலாம். சரிபார்க்க ஒரு பழைய வழி உண்டு. கேபிளின் மேல்நுனியில் ஒரு ஈர்க்கைச் செருகினோம், மணிக்கூட்டு முள்ளுப்போல. கியரை நியூற்றலில் போட்டு, சக்கரம் சரியாக ஆறு சுற்றுச் சுற்றும்வரை பெடியள் காரைத் தள்ள, நான் ஈர்க்கின் சுற்றை எண்ணினேன். அதை 1680ஆல் பெருக்கி, அச்சின் நடுவிலிருந்து நிலம் வரைக்கும் உள்ள அங்குலத்தால் வகுத்தால் அந்த எண் வர வேண்டும். 1680 ஏனென்று குஞ்சியப்பா கேட்டார். மைலுக்கு 63,360 அங்குலம், அதை ஆறு சுற்றின் வட்டக் கணக்கால் வகுத்தது என்று நிலத்தில் எழுதிக் காட்டினேன். ஏறக்குறைய ஒத்து வந்தது. மீற்றர் இந்தக் காருக்குரியதுதான். ஊரில் மைலைக் கட்டை என்போம். “அப்ப இவ்வளவு நாளும் கட்டையைச் சரியாத்தான் எண்ணியிருக்கு” என்றார் குஞ்சியப்பா. ஐந்து இலக்கம்தான் அதில். இலட்சத்தை எட்டினால் சுழியத்துக்குப் போய்விடும். எத்தனை முறை போனதென்று கேட்க ஆளில்லை. அந்த இரவு தள்ளிய தூரமும் அதற்குள் இருக்கிறது. எஞ்சின் ஓடியதா, ஆள் தள்ளியதா என்று கேபிளுக்கு வித்தியாசமில்லை.

மறுநாள் காலை எல்லாம் பூட்டும்போது, யூனிற்றைத் தாங்கிக்குள் இறக்குவதற்கு முன், குஞ்சியப்பா மிதவைத் தண்டைக் கையில் எடுத்தார். இரண்டு குறடு. தண்டை மேல்நோக்கி மெல்ல வளைத்தார். நிமிர்த்திப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் வளைத்தார்.

“என்ன செய்யிறியள்?”

“ஒரு கலன் கிடக்கேக்கையே இல்லையெண்டு காட்டோணும்.”

புரிந்தது. மிதவை உயர்ந்தால் அதே பெற்றோலுக்கு விரல் தாழ்ந்து நிற்கும். முள் குறைவாகக் காட்டும். ஈக்கு வந்த பிறகும் தாங்கியில் ஒரு கலன் மிஞ்சும். இந்தக் காரில் அது முப்பது நாற்பது கட்டை. எல்லாம் சரி. ஆனால் இதில் ஒரு நட்டம் உண்டு, அதைச் சொல்லாமல் இருக்க என் படிப்பு விடவில்லை.

“இப்பிடி வளைச்சால், மிதவை முன்னமே தாங்கியின்ர முகட்டில முட்டிப்போடும், குஞ்சியப்பா. நிரப்பி விட்டாலும் எஃப் வராது.”

“வராட்டிப் போகட்டும்.” புதுத் தக்கை வளையத்தை விளிம்பில் வைத்து விரலால் தடவிச் சமப்படுத்தினார். “அதைப் பதின்மூண்டு வருசம் பாத்தாச்சு.”

ஆறு திருகாணியையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். பம்பின் வயரைப் பூட்டினார். சாவியைத் திருப்பினார். டிக், டிக், டிக், டிக், பிறகு நின்றது.

மானிப்பாய்ச் சந்தி செட்டில், என் காசில், நிரப்பச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார், நான் விடவில்லை. வாய்வரைக்கும் வந்து தளும்பியது. நான் ஓடிப்போய்ப் பின்சீற்றின் நடுவில் இருந்துகொண்டேன். முள் துள்ளி எழும்பி, எஃப்புக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றது. குஞ்சியப்பா அதைப் பார்த்தார். பிறகு கம்பை எடுக்க டிக்கிப் பக்கம் போனார்.